ஒரு கிலோபைட்டுக்குள் ஓர் எதிராளி

1976இல் அமெரிக்காவின் எம்ஓஎஸ் டெக்னாலஜி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கிம்-1 என்ற கணினிக்கு மேலுறை கிடையாது. வெறும் மின்சுற்றுப் பலகை ஒன்று, அதன் ஓரத்தில் 23 விசைகள், அவற்றுக்கு மேலே கால்குலேட்டரில் இருப்பதைப் போன்ற ஆறு சிவப்பு இலக்கங்கள், அவ்வளவுதான். விலை 245 டாலர். நினைவகம் ஒரு கிலோபைட்டுக்குச் சற்று அதிகம். இன்றைய யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை. இந்தப் பத்தியை அந்தக் கணினியில் ஏற்ற முயன்றால் பாதி வழியிலேயே இடம் தீர்ந்துவிடும். அந்த இடத்துக்குள்தான் கனடாவின் டொரண்டோவில் வசித்த பீட்டர் ஜென்னிங்ஸ் சதுரங்கம் ஆடும் நிரல் ஒன்றை எழுதினார். மைக்ரோசெஸ் என்று பெயர். 924 பைட். அந்த ஆண்டு டிசம்பரில் 10 டாலர் விலையில் தபாலில் விற்கத் தொடங்கினார்.

சதுரங்கப் பலகையைக் காட்டத் திரையே இல்லாத கணினியில் ஆடுவது எப்படி? உண்மையான பலகையையும் காய்களையும் மேசையில் பரப்பி, பக்கத்தில் கிம்-1ஐ வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் நகர்வை எண்களாகத் தட்டுவீர்கள். கணினி யோசித்து, ஆறு இலக்கங்களில் பதில் சொல்லும். உதாரணமாக 06 01 22. முதல் இரண்டு இலக்கங்கள் காயின் எண். 06 என்றால் ராஜா பக்கத்துக் குதிரை. அடுத்த இரண்டும் அது நிற்கும் கட்டம், கடைசி இரண்டும் போக வேண்டிய கட்டம். அந்தக் குதிரையைக் கையால் எடுத்து, கணினி சொன்ன இடத்தில் வைப்பதும் உங்கள் வேலைதான்.

பழைய கணினிகளில் வந்த பலகை விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் படங்களைப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறோம். கட்டம் கட்டமாக உடைந்த குதிரை, இரண்டே நிறங்கள், விட்டுவிட்டு எரியும் குறி என்று பார்த்து, "அந்தக் காலத்தில் இவ்வளவுதான் முடிந்தது" என்று முடித்துவிடுகிறோம். இது தவறான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. கார்ப் பந்தயத்தையும் விமானம் ஓட்டுவதையும் அந்தக் கணினிகள் குறைத்துத்தான் தந்தன. சதுரங்கத்தைக் குறைக்கவில்லை. மேசை மேல் இருக்கும் பலகையே போதும். வீட்டில் இல்லாதது எதிரே உட்கார்ந்து ஆட ஓர் ஆள். மைக்ரோசெஸ் அந்த ஆளை மட்டும் செய்து தந்தது. அந்தக் காலத்து நிரல்களின் வரலாறு முழுவதையும் இந்தக் கோணத்திலிருந்து படித்தால்தான் அவற்றின் அருமை தெரிகிறது: ஓர் எதிராளியை எவ்வளவு சிறிய இடத்தில் அடக்கலாம்? அடக்கும்போது அவனிடமிருந்து எதை எடுத்துவிடலாம், எதை எடுக்கவே கூடாது?

இந்த விளையாட்டுகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. பகடை இல்லை, மறைத்து வைத்த சீட்டு இல்லை, கைவேகம் இல்லை. எந்தக் கணத்திலும் ஆட்டத்தின் முழு உண்மையையும் சில எண்களில் எழுதிவிடலாம். சதுரங்கத்துக்கு 32 காய்கள் நிற்கும் இடங்கள். அதாவது 32 பைட். பல்லாங்குழிக்கு 14 குழிகளில் உள்ள முத்துகளின் எண்ணிக்கையும், இருவர் கையிலும் சேர்ந்தவையும். பல்லாங்குழியின் உறவுக்கார ஆட்டங்களான கலஹாவும் அவாரியும் 1970களிலேயே பேசிக் மொழி நிரல்களாக அச்சில் வந்து, பலரும் கையால் தட்டி ஆடியதற்குக் காரணம் இதுதான்.

கணினிகள் பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முன்பே இந்தத் தேடல் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டியூரிங் சதுரங்க நிரல் ஒன்றை வகுத்தார். அதை ஓட்டக்கூடிய கணினி அவருக்கு அமையவில்லை. 1952இல் மான்செஸ்டரில் அலிக் கிளென்னி என்ற சக விஞ்ஞானிக்கு எதிராக, தானே கணினியின் இடத்தில் அமர்ந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, விதிகள் சொன்னபடி மட்டுமே காய் நகர்த்தினார். நிரல் 29 நகர்வுகளில் தோற்றது. அதே காலத்தில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி, மான்செஸ்டரின் ஃபெரான்டி மார்க் 1 கணினியில் டிராஃப்ட்ஸ் (செக்கர்ஸ்) ஆட்டத்தை முழுமையாக ஆட வைத்துவிட்டார். அமெரிக்காவில் ஐபிஎம் 701 கணினியில் அதே ஆட்டத்தை எடுத்துக்கொண்ட ஆர்தர் சாமுவேல், ஆடி ஆடித் தன்னைத் திருத்திக்கொள்ளும் நிரலாக அதை வளர்த்தார். இவர்கள் கையாண்டவை அறையை அடைக்கும் இயந்திரங்கள். ஆனாலும் இவர்கள் கண்ட வழிமுறைகள் கால் நூற்றாண்டு கழித்து, சட்டைப் பையில் வைக்கக்கூடிய சில்லுக்குள் அப்படியே இறங்கின.

இனி மைக்ரோசெஸ்ஸின் உள்ளே போகலாம். அதில் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது. நிரலாளராக இல்லாதவர்களும் ரசிக்கக்கூடியது.

ஒரு காயை நகர்த்தும்போது அது பலகையை விட்டு வெளியே விழுந்துவிட்டதா என்று கணினி எப்படி அறியும்? மனிதக் கண்ணுக்கு விளிம்பு தெரிகிறது. கணினியின் நினைவகத்தில் விளிம்பு கிடையாது. 64 கட்டங்களை வரிசையாக எண்ணினால், முதல் வரிசையின் கடைசிக் கட்டத்துக்கு அடுத்தது இரண்டாம் வரிசையின் முதல் கட்டம். வலது ஓரத்தில் நிற்கும் யானை இன்னும் ஓர் அடி வைத்தால் இடது ஓரத்தில் முளைத்துவிடும். இதைத் தடுக்க ஒவ்வொரு அடிக்கும் வரிசை எத்தனை, நெடுவரிசை எத்தனை என்று வகுத்துப் பார்க்கலாம். அதற்கு நிரல் வரிகள் வேண்டும், நேரம் வேண்டும். இரண்டும் கையில் இல்லை.

ஜென்னிங்ஸின் நிரலில் கட்டங்களுக்கு இரண்டு இலக்க எண்கள்: முதல் இலக்கம் வரிசை, இரண்டாவது நெடுவரிசை, இரண்டுமே 0 முதல் 7 வரை. பதினாறடிமான முறையில் ஓர் இலக்கம் நான்கு பிட்டுகளால் ஆனது. 15 வரை போகலாம். 7 வரை மட்டுமே பயன்படுத்துவதால், ஒவ்வொரு இலக்கத்திலும் எட்டைக் குறிக்கும் பிட் எப்போதும் சும்மாவே இருக்கும். அதுதான் காவலாளி. வலது ஓரத்தில் 07ஆம் கட்டத்தில் நிற்கும் யானை ஓர் அடி வைத்தால் 08 ஆகிறது; அந்தப் பிட் எரிந்துவிடுகிறது. இடது ஓரத்தில் 30இல் நிற்கும் காய் ஒன்று குறைந்தால் இரண்டாம் இலக்கம் 15 ஆகிவிடும். 15இலும் எட்டின் பிட் எரியும். மேலே போனாலும் கீழே போனாலும் முதல் இலக்கத்தில் இதே கதை. ஆக, புதிய கட்டத்தின் எண்ணை 88 என்ற எண்ணோடு ஒரே ஒரு முறை ஒப்பிட்டால் நான்கு எல்லைகளும் ஒருங்கே தெரிந்துவிடும். கிம்-1இன் மூளையான 6502 செயலியில் இந்தச் சோதனைக்கும், அதன் விடையைப் பொறுத்து நிரலின் வேறு இடத்துக்குத் தாவுவதற்கும் நான்கே பைட்.

இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவின் சான் டியேகோவைச் சேர்ந்த டான் ஸ்ப்ராக்லன், கேத் ஸ்ப்ராக்லன் தம்பதியர் இசட்80 செயலிக்கு எழுதிய சார்கன் நிரல் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டது. அவர்களிடம் நினைவகம் கொஞ்சம் தாராளமாக இருந்தது. எட்டுக்கு எட்டுப் பலகையைச் சுற்றி வேலி கட்டி, பத்துக்குப் பன்னிரண்டாக, 120 பைட்டில் வைத்தார்கள். வேலிக் கட்டத்தில் கால் வைத்தால் நகர்வு செல்லாது. மேலும் கீழும் இரண்டிரண்டு வரிசை வேலி. ஏனென்றால் குதிரை இரண்டு கட்டம் தாண்டும். பக்கவாட்டில் மட்டும் ஒவ்வொன்று போதும். நினைவகத்தில் ஒரு வரிசையின் வலது வேலியும் அடுத்த வரிசையின் இடது வேலியும் ஒட்டி நிற்பதால், குதிரைக்கு அங்கேயும் இரண்டு கட்ட வேலி கிடைத்துவிடுகிறது. 1978இல் சான் ஹோஸேயில் நடந்த மைக்ரோ கணினிச் சதுரங்கப் போட்டியில் சார்கன் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. ஆசிரியர்கள் அதன் நிரல் வரிகளைக் குறிப்புகளோடு அச்சிட்டே வெளியிட்டார்கள். ஜென்னிங்ஸும் தன் நிரலின் முழுப் பட்டியலை வாங்கியவர்களுக்குக் கொடுத்தார். ஒரு முழு எதிராளியை வரிக்கு வரி படித்து, அவன் ஏன் அப்படி ஆடுகிறான் என்று தெரிந்துகொள்ள முடிந்தது ஒரு தலைமுறைக்குக் கிடைத்த பெரும் பேறு.

எல்லை தெரிந்துவிட்டது, விதிப்படி நகர்த்தவும் முடிகிறது. எந்த நகர்வு நல்லது என்று எப்படித் தீர்மானிப்பது? மைக்ரோசெஸ் ஒவ்வொரு நகர்வையும் மனதுக்குள் செய்து பார்த்து, சிலவற்றை எண்ணுகிறது. இதன்பின் என் காய்களுக்கு எத்தனை நகர்வுகள் திறக்கின்றன? எதிராளிக்கு எத்தனை? நான் வெட்டக்கூடியவற்றில் பெரியது எது, எதிராளி வெட்டக்கூடியதில் பெரியது எது? வெட்டுக்கு வெட்டு என்று போனால் கடைசியில் யாருக்கு லாபம்? இவற்றையெல்லாம் ஒரே மதிப்பெண்ணாகச் சேர்க்கிறது. இதற்கு மேல் சில கட்டங்களுக்குத் தனிச் சலுகை: 33, 34, 22, 25. முதல் இரண்டும் பலகையின் நடு. மற்ற இரண்டும் குதிரைகள் வழக்கமாக வந்து நிற்கும் இடங்கள். அங்கே போகும் காய்க்கு இரண்டு புள்ளி கூடுதல். பின்வரிசையிலிருந்து வெளியே வரும் காய்க்கும் அதே சலுகை உண்டு, ராஜாவைத் தவிர. "காய்களை வெளியே கொண்டுவா, நடுவைப் பிடி, ராஜாவை அசைக்காதே" என்று எந்த ஊரில் எந்த ஆசானும் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடம், சில ஒப்பீட்டுக் கட்டளைகளாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன 06 01 22 என்ற பதிலுக்கு இந்தச் சலுகையும் கை கொடுக்கிறது.

இதற்கு மேல் ஆழமாக யோசிப்பதுதான் கடினம். சதுரங்கத்தின் நடு ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 30 நகர்வுகள் என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு 30 பதில்கள்; 900 நிலைகள். இன்னொரு சுற்று போனால் 8,10,000. 6502 செயலி நொடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள் கொண்டது. ஒரு நிலையை ஆராய 2,000 துடிப்புகள் ஆகும் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 500 நிலைகள்தான். இரண்டு சுற்று யோசிக்க 27 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஓர் ஆட்டம்கூட முடியாது.

இங்கேதான் ஆல்பா-பீட்டா என்ற வழிமுறை உயிர் கொடுத்தது. எனக்கு ஒரு நகர்வு கிடைத்துவிட்டது. அதில் நஷ்டம் எதுவும் இல்லை. இப்போது இரண்டாவது நகர்வை ஆராய்கிறேன். அதற்கு எதிராளியின் முதல் பதிலே என் ராணியை வெட்டுகிறது. அவனுடைய மீதி 29 பதில்களையும் பார்க்க வேண்டுமா? வேண்டாம். அந்த நகர்வு கெட்டது என்பது உறுதியாகிவிட்டது. எவ்வளவு கெட்டது என்று தெரிந்து ஆவது ஒன்றுமில்லை. நகர்வுகளும் பதில்களும் கிளை கிளையாக விரியும் இந்த மரம் முழுவதும் இதே எளிய நியாயத்தைக் கடைப்பிடித்தால், நல்ல நகர்வுகளை முதலில் பார்க்கும் பட்சத்தில், 8,10,000 நிலைகள் ஏறக்குறைய 1,800 ஆகச் சுருங்கிவிடும். 27 நிமிடம் நான்கு நொடிக்கும் குறைவாகிறது. இது மிகச் சாதகமான கணக்கு. உண்மையில் இடையில் எங்கோ நிற்கும். ஆனால் எந்த நகர்வை முதலில் பார்ப்பது என்ற வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும். அந்தக் கால நிரல்களின் பலம் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இருந்தது.

வெட்டிச் சுருக்கினாலும் பார்வை ஓரிடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. தேடல் நிற்கும் கணத்தில் என் ராணி ஒரு சிப்பாயை வெட்டியிருக்கிறாள். மதிப்பெண் எனக்குச் சாதகம். அடுத்த நகர்வில் அதே ராணி வெட்டுப்படுவது தேடலின் எல்லைக்கு அப்பால். நிரல் மகிழ்ச்சியோடு ராணியைக் கொடுத்துவிடும். தொடுவான விளைவு என்று இதைச் சொல்கிறார்கள். சார்கன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: தேடல் நின்ற இடத்தில், தாக்குதலுக்கு ஆளான ஒவ்வொரு காயையும் எடுத்துக்கொண்டு, அதை யார் யார் தாக்குகிறார்கள், யார் யார் காக்கிறார்கள் என்று பட்டியலிட்டு, சிறிய காயிலிருந்து தொடங்கி வெட்டுக்கு வெட்டு கணக்குப் பார்த்துவிடும். மேலும் ஒரு சுற்று முழுவதும் தேடாமலேயே, தேடியதன் பலனில் பெரும்பகுதி கிடைத்தது. நினைவகமும் நேரமும் இல்லாத நிலை இப்படி ஒரு தெளிவைக் கொண்டுவந்தது: எதிராளிக்கு அவசியமானது எல்லாவற்றையும் பார்ப்பது அன்று, வெட்டுப்படப் போகும் காயைத் தவறாமல் பார்ப்பது.

அடுத்து வந்த கணினிகளுக்குத் திரை இருந்தது. அதனால் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று தோன்றும். நடந்தது வேறு, திரையே யோசனைக்குப் போட்டியாக வந்துவிட்டது.

பிரிட்டனில் சின்க்ளேர் நிறுவனம் 1981இல் வெளியிட்ட இசட்எக்ஸ்81 கணினி, பாகங்களாக வாங்கி நீங்களே பொருத்திக்கொண்டால் 49.95 பவுண்டு. நினைவகம் ஒரு கிலோபைட். அதில் கணினியின் சொந்தத் தேவைக்கு 125 பைட் போய்விடும். திரை முழுவதும் எழுத்துகளை நிரப்பினால் அதற்கு மட்டும் 793 பைட். மிச்சம் நூறு பைட் சொச்சம். எனவே முழுத் திரை என்ற பேச்சுக்கே இடமில்லை. பலகை ஒரு மூலையில் சுருங்கி நிற்க வேண்டும். விலையைக் குறைக்க, தொலைக்காட்சிக்குப் படம் அனுப்பும் வேலையையும் செயலியின் தலையிலேயே கட்டியிருந்தார்கள். படத்தின் மேலும் கீழும் உள்ள வெற்று விளிம்புகளை அனுப்பும் நேரத்தில் மட்டும்தான் செயலிக்குச் சொந்த வேலை பார்க்க ஓய்வு. முழு வேகத்தில் கணக்குப் போட வேண்டுமென்றால் திரையை அணைத்துவிட வேண்டும்.

இந்தக் கணினிக்காக டேவிட் ஹார்ன் எழுதிய சதுரங்க நிரல் 672 பைட். 1982 இறுதியிலும் 1983 தொடக்கத்திலும் பிரிட்டிஷ் கணினி இதழ் ஒன்றில் அது விளக்கங்களோடு வெளிவந்தது. பலகை, காய்கள், திரையில் காட்டுதல், விசைப்பலகையிலிருந்து நகர்வைப் பெறுதல், அது செல்லுமா என்று சோதித்தல், பதில் நகர்வைத் தேர்ந்தெடுத்தல் எல்லாம் அந்த 672 பைட்டுக்குள். 32 ஆண்டுகள் கழித்து, 2015இல், 487 பைட்டில் ஒரு சதுரங்க நிரலை ஃபிரான்சின் ஒலிவியே புடாட் எழுதியபோது உலகச் செய்தி நிறுவனங்கள் அதைச் செய்தியாக்கின. அப்போது ஒப்பிடக் கிடைத்த அளவுகோல் ஹார்னின் நிரல்தான்.

அட்டாரி 2600இன் நிலைமை இன்னும் நெருக்கடியானது. 1977இல் வந்த அந்த விளையாட்டுக் கருவியின் நினைவகம் 128 பைட். சதுரங்கப் பலகையைக் கட்டத்துக்கு ஒரு பைட் என்று வைத்தாலே பாதி போய்விட்டது. அதன் படச் சில்லு, ஒரே கிடைக்கோட்டில் இரண்டு உருவங்களை மும்மூன்று பிரதிகளாக, மொத்தம் ஆறு முறை மட்டுமே எளிதாகக் காட்டும். சதுரங்கத்துக்கு வேண்டியது எட்டு. பாப் வைட்ஹெட் கண்டுபிடித்த வழி, ஒரு வரி விட்டு ஒரு வரியாக உருவங்களை இடம் மாற்றி வரைவது. ஒற்றைப்படை வரிகளில் நான்கு காய்கள், இரட்டைப்படை வரிகளில் மற்ற நான்கு. ஒவ்வொரு காயும் கோடு கோடாகத் தெரிந்தாலும், எட்டும் தெரிந்தன. 1979இல் லாரி வாக்னரும் அவரும் சேர்ந்து வெளியிட்ட அந்த நிரல் நான்கு கிலோபைட் பேழைக்குள் அடங்கியது. அட்டாரியிலும் படத்தை வரி வரியாக வரைவது செயலியின் வேலைதான். ஆகவே கணினி யோசிக்கத் தொடங்கியதும் பலகை மறைந்து, திரை முழுவதும் நிறங்கள் மாறி மாறி ஒளிரும். உயர்ந்த நிலைகளில் ஒரு நகர்வுக்கு மணிக்கணக்கில் அது நீடிக்கும். இரண்டு கருவிகளிலும் ஒரே தேர்வுதான்: பலகையைக் காட்டலாம் அல்லது யோசிக்கலாம். நிரலாளர்கள் யோசனையைத் தேர்ந்தெடுத்தார்கள். சரியான தேர்வு என்பேன். பலகை எங்கே போய்விடும்?

விதிகளிலும் இதே கறார்த்தனம். கிம்-1 மைக்ரோசெஸ்ஸுக்குக் கோட்டை கட்டத் தெரியாது. இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் போகிற போக்கில் வெட்டும் விதி தெரியாது. சிப்பாய் கடைசி வரிசையை எட்டினால் ராணியாகும் விதியும் தெரியாது. ஹார்னின் நிரலும் இந்த மூன்றையும் விட்டுவிட்டது. இது சதுரங்கமே அல்ல என்று வாதிடுவோர் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிப்பாயை ராணியாக்க முடியாதது பெரிய குறைதான். ஆட்டத்தின் இறுதிக் கட்டமே அதை நம்பி நிற்கிறது. ஆனால் எதை விட்டார்கள் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மூன்றும் ஓர் ஆட்டத்தில் ஓரிரு முறைக்கு மேல் அரிதாகவே வருபவை. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டளைகள் வேண்டும். குதிரையின் தாவலையோ காய்களின் மதிப்பையோ யாரும் தொடவில்லை. மைக்ரோசெஸ் மனிதரின் நகர்வு விதிப்படியானதா என்று சோதிப்பதும் இல்லை. ராஜாவை இரண்டு கட்டம் நகர்த்தி யானையையும் நகர்த்தினால் அப்படியே ஏற்றுக்கொள்ளும். எனவே நீங்கள் கோட்டை கட்டிக்கொள்ளலாம். சதுரங்கத்தின் விதிகள் ஆடுபவருக்குத் தெரியும், அவர் ஏமாற்ற மாட்டார் என்ற நம்பிக்கையின் மேல் அந்த 924 பைட்டும் கட்டப்பட்டிருக்கிறது. மேசைக்கு எதிரே உட்காரும் நண்பரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதே நம்பிக்கைதான்.

மைக்ரோசெஸ் பின்னர் டிஆர்எஸ்-80, பெட், ஆப்பிள் 2 கணினிகளுக்கும் போனது. அதை விற்ற பர்சனல் சாஃப்ட்வேர் நிறுவனம் அந்த வருமானத்தின் துணையோடுதான் 1979இல் விசிகால்க் என்ற கணக்குத்தாள் நிரலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அலுவலகங்கள் சிறு கணினிகளை வாங்கத் தொடங்கியதற்கு விசிகால்க் முக்கியக் காரணம் என்று எல்லா வரலாறுகளும் சொல்கின்றன. அதன் முதலீட்டில் சதுரங்கத்தின் பங்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சதுரங்கம் இத்தனை பாடுபடுத்தியது என்றால், ஒத்தெல்லோ கணினிக்கென்றே செய்தது போன்ற ஆட்டம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ரிவர்சி, 1970களில் ஜப்பானில் புதுப் பெயரோடு மறுபிறவி எடுத்தது. ஒரே வகை வில்லைகள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. எதிராளியின் வில்லைகளை இரு பக்கமும் அடைத்தால் அவை நிறம் மாறும். தொடக்கத்தில் நான்கே நகர்வுகள். நடுவிலும் பத்தை ஒட்டித்தான். வைக்கும் ஒவ்வொரு வில்லையோடும் காலி இடம் குறைவதால், 60 நகர்வுகளுக்குள் ஆட்டம் முடிந்துவிடும். மனிதருக்கு இதில் கடினமானது, ஒரு வில்லையை வைத்தால் எத்தனை வில்லைகள் எந்தெந்தத் திசையில் புரளும், அதன் பிறகு பலகை எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் பார்ப்பது. கணினிக்கு அது அற்பம்.

ஆனால் எதை எண்ணுவது என்பதில் இங்கேயும் ஒரு பொறி உண்டு. அதிக வில்லைகள் வைத்திருப்பவர்தான் வெல்வார் என்பதால், ஒவ்வொரு நகர்விலும் அதிகமாகப் புரட்டுவது நல்லது என்று தோன்றும். அப்படி ஆடும் நிரல் சுலபமாகத் தோற்கும். கடைசி நகர்வுகள் வரை வில்லைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பொருளற்றது. மூலைதான் பொருள், மூலையில் வைத்த வில்லையை யாராலும் புரட்ட முடியாது. மூலையைக் குறுக்காக ஒட்டி நிற்கும் கட்டம் ஆபத்து; அங்கே வைத்தால் எதிராளிக்கு மூலையைத் திறந்துவிடுகிறோம். ஆகவே சிறு கணினி நிரல்கள் கட்டங்களுக்கு மதிப்பெண் அட்டவணை போட்டன: மூலைக்குப் பெரிய கூட்டல், அதன் அண்டைக் கட்டங்களுக்குப் பெரிய கழித்தல். 64 கட்டங்களுக்கும் அட்டவணை வேண்டியதில்லை. பலகையைத் திருப்பினாலும் கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றாகவே இருப்பதால், வெவ்வேறான கட்டங்கள் பத்துதான். பத்து பைட்டில் ஓர் ஒத்தெல்லோ ஆசான்! நல்ல ஆட்டக்காரரை அவரால் வெல்ல முடியாது. புதியவருக்கு மூலையின் மதிப்பைச் சில ஆட்டங்களிலேயே உறைக்க வைத்துவிடுவார்.

1978இல் நிண்டெண்டோ முதன்முதலாகக் காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு ஒன்றை வெளியிட்டபோது எடுத்துக்கொண்டதும் ஒத்தெல்லோதான். 1985இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்த விளையாட்டு ரிவர்சி. 1980இலேயே தி மூர் என்ற நிரல், உலகச் சாம்பியன் ஹிரோஷி இனோவேக்கு எதிரான ஆறு ஆட்டங்களில் ஒன்றை வென்றிருந்தது. சதுரங்கத்தில் உலகச் சாம்பியனுக்கு எதிரான தொடரைக் கணினி கைப்பற்ற 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிழக்காசியாவின் கோ ஆட்டம் இவை எல்லாவற்றுக்கும் நேர் எதிர். அதன் விதிகளைச் சதுரங்கத்தைவிட எளிதாகச் சொல்லிவிடலாம். கறுப்புக் கல், வெள்ளைக் கல், 19க்கு 19 கோடுகள், 361 சந்திப்புகள். ஒரு சந்திப்புக்கு இரண்டு பிட் போதும் என்பதால் முழுப் பலகையும் 91 பைட்டில் அடங்கும். ஆக, நினைவகம் இங்கே தடையே இல்லை. தடை வேறு. சதுரங்கத்தில் ராணிக்கு ஒன்பது, யானைக்கு ஐந்து என்று ஓர் எண் இருக்கிறது. ஒத்தெல்லோவில் மூலை இருக்கிறது. கோ ஆட்டத்தில் எல்லாக் கல்லும் ஒன்றுதான். ஒரு கற்கூட்டம் உயிரோடு இருக்கிறதா, எதிராளி சூழ்ந்து பிடித்துவிடும் நிலையில் செத்துவிட்டதா என்பதே பல நகர்வுகள் ஆடிப் பார்த்தால்தான் தெரியும். எதை எண்ணினால் யார் முன்னிலை என்று தெரியும் என்பதற்கு விடை கிடையாது. எண்ண எதுவும் இல்லாத இடத்தில் தேடிப் பயன் என்ன? தேடவும் முடியாது, 30 நகர்வுகளுக்குப் பதில் இங்கே தொடக்கத்தில் முந்நூறுக்கு மேல்.

அப்படியிருந்தும் முயன்றார்கள். 1981இல் 'பைட்' என்ற கணினி இதழில் ஜொனாதன் மில்லன், வாலி என்ற கோ நிரலைப் பற்றி எழுதினார். அதே கிம்-1, அதே ஒரு கிலோபைட். பலகையை மட்டும் 15க்கு 15 ஆகக் குறைத்திருந்தார். பலமான ஆட்டக்காரருக்கு அது இணையே இல்லை. ஆனாலும், தேடலை நம்ப முடியாத ஆட்டத்துக்கு ஒரு கிலோபைட்டில் ஏதோ ஒரு பதில் சொல்லும் எதிராளியைச் செய்ய முடிந்ததை நான் மைக்ரோசெஸ்ஸைவிடக் குறைவாக மதிக்க மாட்டேன்.

கோ ஆடும் நிரல் ஒன்றை முதன்முதலில் முழுமையாக எழுதியவர் ஆல்பர்ட் சோப்ரிஸ்ட்; 1960களின் இறுதியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்காக. அந்த நிரல் தொடக்கநிலை ஆட்டக்காரரின் தரத்தைத் தாண்டவில்லை. ஆனால் 1970இல் அவர் வெளியிட்ட இன்னொரு யோசனை நிலைத்துவிட்டது. வெவ்வேறு நகர்வு வரிசைகள் ஒரே நிலையில் போய்ச் சேரும்போது, "இதை முன்பே ஆராய்ந்துவிட்டோம்" என்று கணினி எப்படி அடையாளம் காணும்? ஒவ்வொரு வகைக் காயும் ஒவ்வொரு கட்டத்தில் நிற்பதற்கும் தனித்தனியாக ஒரு தற்போக்கு எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். பலகையில் உள்ளவற்றின் எண்களைப் பிட்டுக்குப் பிட் சேர்த்தால் அந்த நிலைக்கான கையெழுத்து கிடைத்துவிடும். காய் ஒன்று நகர்ந்தால் பழைய கட்டத்தின் எண்ணை நீக்கி, புதியதைச் சேர்த்தால் போதும். சதுரங்கத்துக்கு 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள், 768 எண்கள். எண்ணுக்கு நான்கு பைட் என்றாலும் 3,072 பைட் ஆகிறது. அந்த அட்டவணை மட்டுமே கிம்-1இன் நினைவகத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் ஜென்னிங்ஸாலும் ஹார்னாலும் அதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. நினைவகம் மலிவானதும் சதுரங்க நிரல்கள் அதை எடுத்துக்கொண்டன. இன்று கைப்பேசியில் ஓடும் சதுரங்க நிரலும் தான் கண்ட நிலைகளை சோப்ரிஸ்டின் முறையில்தான் நினைவில் வைத்திருக்கிறது.